வரப்பில் உட்கார்ந்து படித்த வினைச்சொற்கள்

போர்ச்சுகலுக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, இங்கே வேலை ஏவுகிறவர்களின் குரல். தெற்குக் கடலோரத்தில் ராஸ்பெர்ரி பயிரிடும் பிளாஸ்டிக் கூடாரங்களில் எனக்கு வேலை. விடிந்ததும் மேற்பார்வையாளர் லூர்தெஸ் அம்மாள் கூடார வாசலில் நின்று, தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல் மெதுவாக 'வேஞ்ஞா' என்பார். வாருங்கள் என்று பொருள். 'த்ராகா' என்றால் கொண்டு வாருங்கள், 'போஞ்ஞா' என்றால் வையுங்கள். விழுப்புரம் பக்கத்தில் 'ஏய்' என்ற சொல்லுக்குப் பிறகுதான் எந்த வேலையும் தொடங்கும் என்று பார்த்து வளர்ந்தவளுக்கு, இத்தனை மரியாதையாக முதுகை ஒடிப்பது புதிதாக இருந்தது. அந்தச் சொற்களில் ஒன்று 'வா'. இங்கே அதற்குப் போங்கள் என்று அர்த்தம். முதல் நாள் அவர் வா என்றார், நான் கிட்டே போனேன். இன்னும் உரக்க வா என்றார், இன்னும் கிட்டே போனேன். எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துத் தீர்ந்த கதை அது, இத்தோடு விட்டுவிடுகிறேன்.

வாரத்தில் இரண்டு மாலை நூலக மாடியில் மொழி வகுப்பு. ஆசிரியை தெரேசா ஒருநாள் பலகையில் 'கொன்ஜுந்தீவு' என்று எழுதினார். நடந்ததைச் சொல்லாமல், நடக்கவேண்டும் என்று விரும்புவதையும் கேட்பதையும் சந்தேகப்படுவதையும் சொல்கிற வினை வடிவம். பெரும்பாலான வினைகள் விதிக்கு அடங்கும். சேஜா, எஷ்டேஜா, வா, தே, சாய்பா, கெய்ரா, ஆஜா என்ற ஏழு மட்டும் அடங்காதாம். காரணம் கேட்காதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள் என்றார். அடங்காதவை என்றதுமே எனக்கு அவற்றைப் பிடித்துப்போயிற்று. பழம் பறித்துக்கொண்டே வரிசைக்கு ஒரு வினையாக முணுமுணுத்தேன். பாடம் போகப் போகத்தான் தெரிந்தது, லூர்தெஸ் அம்மாளின் வேஞ்ஞாவும் த்ராகாவும் இதே கொன்ஜுந்தீவு வடிவம்தான். மரியாதையான ஏவலுக்கும் மனதிலுள்ள விருப்பத்துக்கும் இவர்கள் ஒரே வடிவத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது வியங்கோள் வினைமுற்று நடத்தினார்கள். வாழ்க என்றால் வாழ்த்து, வருக என்றால் வேண்டுகோள், செல்க என்றால் கட்டளை. தலைவர்கள் வரும்போதெல்லாம் மேம்பாலத்தடியில் 'வருக வருக' என்று பேனர் தொங்கும். எங்களை யாரும் வருக என்று சொன்னதாக நினைவில்லை. ஏவலை மூன்று வருடமாகக் காதால் கேட்டாகிவிட்டது, விருப்பத்தையும் ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது.

இது வேண்டாத வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குடியுரிமைத் தேர்வுக்கு இவ்வளவு தேவையில்லை என்றார் தெரேசா. எங்கள் குழுவுக்கும் முதலாளிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பவர் கலியபெருமாள் அண்ணன். பனமலைக்காரர், எனக்கு முன்பே இங்கே வந்தவர். "இந்த வெனச்சொல்லெல்லாம் உனுக்கு எதுக்கும்மா? நான்தான் பேசிக்கினு இருக்கேன்ல" என்றார். அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார், என்ன பேசினார் என்பதுதான் கேள்வி. கோடையில் உச்சிப்பொழுதுக்கு மேல் அந்த பிளாஸ்டிக் கூரைக்குள் மூச்சு முட்டும். ஒரு மதியம் நேபாளத்துப் பெண் சுனிதா பழக்கூடையோடு அப்படியே சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, நிழலுக்குத் தூக்கிப்போனோம். மதியத்துக்கு மேல் வேலை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள் என அண்ணனிடம் கேட்டோம். அவரும் போய்ச் சொன்னார். அதற்குள் எனக்குப் பாதி மொழி பிடிபட்டிருந்ததால் காதில் விழுந்தது. பெண்களுக்குக் கொஞ்சம் களைப்பாக இருக்கிறது ஐயா, சரியாகிவிடும் என்றார். ஒருத்தியின் உயிரை அவர் களைப்பு என்று மொழிபெயர்த்துவிட்டார். அவருடைய வசிப்பு அனுமதி புதுப்பிக்கக் கொடுத்து வராமல் கிடந்தது, பயம். எனக்கு அது புரிந்தது, கோபமும் குறையவில்லை. அடுத்தவள் யார் என்பதுதான் மிச்சமிருந்தது.

இந்த இடத்தில் என் அம்மாவைச் சொல்லவேண்டும். எங்கள் காலனிப் பெண்கள் நடவுக்கென்று திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பஸ் ஏறிப் போவார்கள். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது, அதனால் எல்லோருடைய நிலத்திலும் எங்களுக்கு வேலை இருந்தது. விடுமுறையில் நானும் கூடப் போவேன். வயலில் தண்ணீர் கட்டியிருக்கும், பறித்த நாற்று முடிகள் சேற்றில் விசிறிக் கிடக்கும். பெண்கள் இறங்க மாட்டார்கள், வரப்பில் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். நாலு மணி பஸ்ஸுக்கு விட்டுவிட வேண்டும், குடிக்கிற தண்ணீர் வரப்புக்கு வரவேண்டும், இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நிலத்துக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "எறங்குங்க, மத்ததெல்லாம் சாயங்காலம் பேசிக்கலாம்" என்பார். அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேசிட்டு எறங்கறோங்க" என்பாள். அவ்வளவுதான், கோஷம் கிடையாது, சண்டை கிடையாது. கால் சேற்றில் பட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், அதனால் கால் படக்கூடாது. அவர் சூரியனைப் பார்ப்பார், வாடும் நாற்றைப் பார்ப்பார், ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போவார், திரும்பி வருவார். பறித்த நாற்று யாருக்காகவும் காத்திருக்காது. கடைசியில் எல்லோர் காதிலும் விழும்படி சரி என்று சொல்லவைத்த பிறகுதான் அம்மா புடவையைத் தூக்கிச் செருகுவாள்.

பழுத்த ராஸ்பெர்ரியும் காத்திருக்காது. சுனிதா சரிந்த மறுநாள் காலை, நானும் அவளும் இன்னும் நாலைந்து பேரும் கூடார வாசலுக்கு வெளியே மண்ணில் வரிசையாக உட்கார்ந்தோம். உள்ளே ஒரு கால்கூட வைக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஏன் என்று கேட்ட பஞ்சாபிப் பெண்ணுக்கு விளக்க எனக்கு இந்தி போதவில்லை, ஆனாலும் உட்கார்ந்தாள். லூர்தெஸ் அம்மாள் வந்து பார்த்தார். கிழக்கே பார்த்துச் சம்மணமிட்டு, பேசாமல் இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பண்டிகை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்தியோடு நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. பூஜை முடிகிற வழியைக் காணோமே என்று அவர் முதலாளிக்குப் போன் செய்தார்.

முதலாளி துவார்த்து வந்தார், பின்னாலேயே கலியபெருமாள் அண்ணனும் ஓடிவந்தார். "என்னா பண்ணிக்கினு இருக்கீங்க, ஜல்தி எழுந்திரிங்க" என்று எங்களிடம் கெஞ்சிவிட்டு, முதலாளியிடம் திரும்பி மறுபடியும் களைப்பு என்று தொடங்கினார். உட்கார்ந்தபடியே நான் குறுக்கிட்டேன். எங்களுக்குக் களைப்பில்லை என்றேன். சூடு ஏறுகிற நாட்களில் ஒரு மணிக்கு வேலை முடியவேண்டும் என்று விரும்புகிறோம் என்றேன். பிறகு, வரிசை வரிசையாக முணுமுணுத்த அந்த அடங்காத வினையை எடுத்தேன்: "கெரேமுஷ் கெ ஆஜா ஆக்வா இ சோம்ப்ரா." தண்ணீரும் நிழலும் இருக்கவேண்டும் என்று விரும்புகிறோம்.

துவார்த்து என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்து, இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். என் வாயிலிருந்து அவர் மொழி வரும் என்று அவர் காது எதிர்பார்க்கவே இல்லை. போர்ச்சுகீசு மொழியில்தான் சொல்கிறாள் ஐயா என்றார் லூர்தெஸ் அம்மாள், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே. கலியபெருமாள் அண்ணன் வாய் திறக்கவில்லை. அன்று அவர் எங்களுக்குச் செய்த பெரிய உதவி அது. துவார்த்து உள்ளே எட்டி, சிவந்து தொங்கும் பழத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. சரி என்று முனகினார். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அதற்குப் பிறகுதான் எழுந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். வினைச்சொல்லைப் பற்றியும் பெருமையாகச் சொன்னேன், அது அவள் காதில் ஏறவில்லை. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். "உள்ள எறங்கிட்டு உக்காந்தியா, எறங்காம உக்காந்தியா?"

"எறங்கலம்மா."

"அப்ப சரி" என்றாள்.

இன்னும் இரண்டு வருடம் போனால் நான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் தெரேசா. குடியுரிமை கிடைத்துவிட்டால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். சீக்கிரம் வாங்கிவிடு, ஊரை மறந்துவிடு என்கிறார்கள் இங்கே இருப்பவர்கள். போதும், திண்டிவனம் பக்கம் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்கிறார்கள் அங்கே இருப்பவர்கள். எனக்கு இரண்டு பக்கத்தோடும் பேசவேண்டியது இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் இந்த நாடு கலியபெருமாள் அண்ணனின் முகத்தைப் பார்க்கக் கூடாது. என் அம்மாவை அந்த ஊர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஏய் என்று அல்ல. இரண்டு வயலுக்கும் நடுவில்தானே வரப்பு இருக்கிறது. நான் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன், கால் இன்னும் எந்தச் சேற்றிலும் படவில்லை. பேசிவிட்டு இறங்குகிறேன்.