அம்மா உறங்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று இந்த நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களில் பலரும் அடக்க ஆராதனையில் சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்கு வந்தது ஆறுதல் அல்ல, அருவருப்பு. பல ஆண்டுகளாக ஒரு ஞாயிறு மதியம்கூட அவரைக் கண்மூட விடாதவர்களே அதை உரக்கச் சொன்னார்கள்.

அம்மா பிறந்தது கம்மாபுரத்தை ஒட்டிய ஒரு கிராமம். நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டபின் குடும்பம் விருத்தாசலம் வந்தது. திருமணத்துக்குப் பிறகு ஒரு பீங்கான் கம்பெனியில் வார்ப்பு வேலைக்குச் சேர்ந்தார். மண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கும் வேலை. அச்சு ஈரத்தை உறிஞ்சும். தொடர்ந்து ஊற்றினால் ஊறிப்போய்ப் பொம்மை ஒட்டிக்கொள்ளும். அதனால் அச்சுகளை அவ்வப்போது வெயிலில் காயவிடுவார்கள். பீங்கான் தொழில்நுட்பம் படித்த நானும் இன்று அதே தொழிலில்தான் இருக்கிறேன். அச்சுக்குக் கிடைத்த ஓய்வு அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அவருடைய ஞாயிற்றுக்கிழமையை வரிசையாகவே எழுதுகிறேன். ஆலயம் பெருக்குதல். பீடத்துக்குப் பூ. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். பாதி ஆராதனையில் எழுந்து வந்து, போதகருக்கும் உடன் வருவோருக்கும் கோழிக் குழம்பு. பாத்திரம். மாலையில் பெண்கள் ஐக்கிய ஜெபத்துக்குச் சுண்டலும் டீயும். மறுபடி பாத்திரம்.

ஏன் எப்போதும் எங்கள் வீடு? சபையின் அண்டாவும் கரண்டிகளும் எங்கள் வீட்டில் இருந்தன. பாத்திரம் எந்த வீட்டிலோ சமையலும் அந்த வீட்டில் என்பது நம் சபை வழக்கம். "இங்கியே இருக்கட்டும்" என்று சொன்னவர் அப்பா. அம்மாவை யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் ஓய்வுநாளைப் பற்றியே பிரசங்கம். அம்மா அதை எங்கள் அடுப்படியில் நின்றபடி ஆலயத்தின் ஒலிபெருக்கியில் கேட்டார். பிரசங்கித்தவரும் கூட்டத்தாரும் வந்து சாப்பிட்டார்கள். எலும்பைத் துப்பிய தட்டிலேயே கை கழுவினார்கள். கொழுப்பு மிதக்கும் அந்தத் தண்ணீரை அம்மா ஒவ்வொரு தட்டாகக் கொட்டினார்.

பிறகு அம்மாவின் இதயம் பலவீனமாகிவிட்டது, கட்டாயம் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். சபைச் செயலாளரான பெரியப்பாவிடம், இனி ஞாயிறன்று சமைக்கப் போவதில்லை என்று அம்மா சொன்னார்.

"ஏம்மா, அப்ப போதகரு மத்தியானம் எந்த வூட்டுக்குப் போவாரு?"

"நம்ம வூட்டுக்கே வரட்டும் மாமா. சனிக்கிழம வடிச்ச சோறு தண்ணி ஊத்தி இருக்குது. மோர் மொளகா இருக்குது. சாப்ட்டுட்டு அவங்கவங்க தட்ட அவங்கவங்க கழுவிட்டுப் போகட்டும்."

"ஊழியக்காரருக்குப் பழைய சோறா? உனக்கு விசுவாசம் கொறஞ்சி போச்சி."

"விசுவாசம் இருக்குதுங்க மாமா. ஒடம்புலதான் தெம்பு இல்ல."

அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. நலம் விசாரிக்கவும் வரவில்லை. அம்மா பாயில் படுத்து, விளக்கு போடும் நேரம்வரை உறங்கினார். எழுந்தபோது கன்னத்தில் பாயின் கோடுகள்.

"இவ்ளோ நேரமா தூங்கிட்டேன்? டீ போடவா?"

"அப்பா போட்டுட்டாரும்மா."

"அதான் வாசனையே வேற மாதிரி இருக்குது."

ஆலய வாசலில் சில பெண்கள் 'பின்மாற்றம்' என்று, விசுவாசத்தை விட்டு விலகிவிட்டதாக முணுமுணுத்தார்கள். அம்மா ஆராதனைக்குப் போவதை ஒருநாளும் நிறுத்தவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு பிரசங்கத்தின் முடிவு என்னவென்று தெரிகிறது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அப்படிச் சில மாத ஞாயிறுகளே அவருக்குக் கிடைத்தன. ஒரு வாரநாள் காலையில், கம்பெனியில் வேலைப் புடவைக்கு மாற்றும்போது சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் சபையார் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். ஆறுதல் சொல்லத்தான் என்று நினைத்தேன். அண்டா எங்கே இருக்கிறது என்று கேட்டார். மறுநாளே கரண்டிகளோடு ஆலயத்தில் சேர்த்துவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர். சரிந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற கம்பெனித் தோழிகள். மங்கலம்பேட்டையிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாய் வீட்டு அக்கா. பின்வந்த ஞாயிறுகளில் மாலை ஜெபத்துக்குச் சுண்டல் கேட்டு வந்தவர்களை, "அக்கா தூங்குறாங்க, போயிட்டு நாளைக்கு வாங்க" என்று தெருவிலேயே திருப்பி அனுப்பியவர் அவர். இந்த வயதில் சோறு வடிக்கக் கற்றுக்கொண்ட அப்பா.

நினைவு நாளுக்குப் பிரியாணி இல்லையா என்று உறவினர்கள் கேட்டீர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் தம்பியும் நேற்றே சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள். மோர் மிளகாய் இருக்கிறது. வந்திருக்கும் எல்லோரும் வயிறாரச் சாப்பிடுங்கள். தட்டைக் கழுவ வீட்டின் பின்பக்கம் குழாய் இருக்கிறது. பெரியப்பாவுக்கும் போதகருக்கும் அதே குழாய்தான்.

கழுவி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுங்கள்.

மகள்