நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு

போன வாரம் ரத்தப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் வயதுக்காரர்களுக்கு இப்போதெல்லாம் அதுதான் ஊர்சுற்றல். ஊசி போடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டுமாம். நர்ஸ் பெண், "செருப்பக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க தாத்தா" என்றாள். ஏறி நின்றதும் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எடை பாக்கறதுக்கு எதுக்குத் தாத்தா கண்ண மூடுறீங்க? ஊசி இன்னும் வரவே இல்லியே" என்று சிரித்தாள். பிறகு, "அம்பது கிலோ. ரொம்பக் கம்மி. நல்லா சாப்புடுங்க" என்று சீட்டில் எழுதினாள்.

ஐம்பது. பதினாறு வயதிலும் எனக்கு அதே ஐம்பதுதான். நடுவில் அறுபது வருடங்களுக்கு மேல் ஏறியதும் இறங்கியதும் என் மனைவியின் சமையல் சம்பந்தப்பட்ட விஷயம். அதை இங்கே எடுத்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. நான் கண்ணை மூடிக்கொள்வதற்குக் காரணம் வேறு. உங்களிடம் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

எடை என்றால் எனக்குப் பஞ்சு வாசனைதான் வரும். முதலியார்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு நூல் ஆலையின் கிடங்கில், மூட்டை நிறுக்கிற பெரிய மேடைத் தராசு ஒன்று உண்டு. பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. இரும்புப் பலகையின் ஓரத்தில் கிலோ எண்கள் வெட்டியிருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்து குஸ்திப் பையன்கள் ஏழு பேரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போய், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே அரைத் துணியோடு வரிசையில் நிற்போம். அருள்தாஸின் அப்பா அந்தக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அவர் தயவில்தான் உள்ளே விட்டார்கள். எங்களை ஒவ்வொருவராக ஏற்றி நிறுத்தி, "இந்தா, அடுத்த மூட்டை" என்பார். பஞ்சுத் தூசியில் நாங்கள் தும்முவோம். தும்மினால் முள் ஆடும். மறுபடி நிறுக்க வேண்டும்.

அருள்தாஸ் என் கூட்டாளி. முத்தியால்பேட்டையில் ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே எடைப்பிரிவு. வித்தியாசம் ஒன்றுதான்: அவனுக்கு குஸ்தி வரும், எனக்கு வராது. அவன் கோதாவுக்குள் இறங்கினால் செம்மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்து, சிலுவையும் போட்டுக்கொள்வான். இரண்டு சாமியும் துணை. எனக்கு எத்தனை சாமி வந்தாலும் இரண்டாவது நிமிடத்தில் முதுகு மண்ணில் இருக்கும். அந்த மண்ணில் நல்லெண்ணெயும் மஞ்சளும் வேப்பிலைப் பொடியும் கலந்திருக்கும். அதன் ருசி எப்படி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தப் பள்ளியிலேயே கிடையாது.

ஆகவே அவன் ஆட்டக்காரன், நான் பதில் ஆள். பதில் ஆள் என்றால், ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் போய் நிற்கிறவன். காய்ச்சல் வராத நாட்களில் அவனுடைய லங்கோடு, எண்ணெய்ப் புட்டி, தண்ணீர்ச் செம்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவன். அருள்தாஸுக்குக் காய்ச்சலே வராது. படுபாவிக்குச் சளி கூடப் பிடிக்காது.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் ஊர்ப் பையன்கள் எங்களுக்குள்ளேயே புரண்டுகொண்டிருந்தோம். அந்த வருடம்தான் முதல் தடவையாக மெட்ராஸில் நடக்கும் மாநிலப் பள்ளிப் போட்டிக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். கடிதம் இங்கிலீஷில் வந்தது. எங்கள் டிரில் வாத்தியார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன் வரை போய் வந்தவர்; அவருக்குத் தமிழ் தெரியும், பிரெஞ்சு தெரியும், சைகோனில் கற்ற கெட்ட வார்த்தைகள் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. அவரை நாங்கள் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே', அதாவது 'ஐயா', என்று கூப்பிடுவோம். முசே கடிதத்தை என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் நான் பிரெஞ்சுப் பிரிவு இல்லை, இங்கிலீஷ் பிரிவு.

எங்கள் எடைப்பிரிவுக்கு நூற்றுப் பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று படித்தேன்.

"பவுண்டுன்னா நம்ம லிவ்ர்தான்டா" என்றார் முசே. "ரெண்டு லிவ்ர் ஒரு கிலோ. நூத்திப் பன்னெண்டுல பாதி அம்பத்தாறு. கணக்கு முடிஞ்சுது."

அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் கடைத்தெருவில் அரை கிலோவுக்கு லிவ்ர் என்றுதான் பேர். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் கறிக்கடையில் அப்படித்தான் கேட்டார்கள். எல்லையைத் தாண்டினால் வேறு கணக்கு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அருள்தாஸ் அப்போது ஐம்பத்து நாலு கிலோ. "ரெண்டு கிலோ எடம் கெடக்குது. சதை போடு, பலம் வரும்" என்று முசே உத்தரவு போட்டுவிட்டார்.

அப்புறம் என்ன, தெருவே அவனுக்குத் தீனி போட ஆரம்பித்தது. முட்டை ஒரு வீட்டில், பால் ஒரு வீட்டில். எங்கள் அம்மா தினமும் கடலை உருண்டை பிடித்து என்னிடம் கொடுத்து அனுப்புவாள். இதற்கெல்லாம் காரணம் இருந்தது. போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் கோதாவுக்கு வந்து அருள்தாஸின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ் போய் ஆடுனேன்னு ஒரு காகிதம் கொண்டா. ஆளெடுக்கும்போது ஒன்ன மொதல்ல எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊர்ப் போலீஸின் சிவப்புக் கெப்பி தெரியுமல்லவா? அந்தத் தொப்பிக்காக அருள்தாஸ் உயிரை விடுவான். போலீஸ்காரர் எதிரில் வந்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவான். "மூட்ட தூக்கித் தூக்கி எங்கப்பாவுக்குக் கழுத்தே உள்ள போயிடுச்சுடா. எனக்குக் கழுத்துக்கு மேல தொப்பி வேணும்" என்பான்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பி வர ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில், பிளாட்பாரத்தில் இருந்த எடை இயந்திரத்தில் ஒரு காசைப் போட்டேன். சக்கரம் சுற்றி, மணி அடித்து, அட்டை வந்து விழுந்தது. ஒரு பக்கம் நடிகை படம், மறுபக்கம் ஜோசியமும் எடையும். ஜோசியம் நினைவில்லை. எடை நூற்றுப் பத்து பவுண்டு.

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஆலைத் தராசில் நான் ஐம்பது கிலோ. இரண்டால் பெருக்கினால் நூறு வரவேண்டும். பத்து எங்கிருந்து வந்தது? கல்யாணச் சாப்பாடா? ரயில் வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. பவுண்டு சின்னது. கிலோவுக்கு இரண்டும் அதற்கு மேல் கொஞ்சமும் போகிறது. அப்படியானால் அதற்குள் ஐம்பத்தைந்து கிலோ ஆகிவிட்டிருந்த அருள்தாஸ் நூற்று இருபத்தொரு பவுண்டு. வரம்புக்கு ஒன்பது பவுண்டு மேலே. நான் இரண்டு பவுண்டு கீழே.

கணக்கில் நான் எப்போதும் பார்டர் பாஸ். வாழ்க்கையில் ஒரே ஒரு கணக்கைத்தான் இவ்வளவு வேகமாகவும் சரியாகவும் போட்டேன்.

அந்த அட்டையை ஜன்னல் வழியாக எறிந்தேன். ஏன் எறிந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால், எல்லாரும்தான் எறிகிறார்கள் என்று சொல்லியிருப்பேன். பொய். பன்னிரண்டு நாள் இருந்தது. சோற்றைக் குறைத்து, வெயிலில் போர்வை சுற்றி ஓடினால் அருள்தாஸ் அந்த ஒன்பது பவுண்டை இறக்கியிருப்பான். அவன் அப்படிப்பட்டவன். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் சொல்லலாம் என்று படுத்தேன். மறுநாள் காலை கோதாவில் என்னைப் பார்த்ததும் அவன் கேட்டது, "எங்கடா உருண்ட?"

கொடுத்தேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லாமல் இருந்தது ஒரு பாவம் என்றால், அந்தப் பன்னிரண்டு நாளும் தவறாமல் கடலை உருண்டையை என் கையால் கொண்டுபோய்க் கொடுத்தது இன்னொன்று. நிறுத்தினால் ஏன் என்று கேட்பானே என்று கொடுத்தேன். எனக்கு அந்தச் சிவப்புத் தொப்பியின் மேல் ஆசை கூட இல்லை. மைக்கில் ஒரு தடவை என் பேரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக இவ்வளவு கேவலமாக ஒருவன் இருக்க முடியுமா என்றால், முடியும். இருந்தேன்.

மெட்ராஸில் காலையிலேயே எடை பார்த்தார்கள். தண்டு வைத்த தராசு. அருள்தாஸ் ஏறி நின்றான். அதிகாரி எடைக்குண்டை நூற்றுப் பன்னிரண்டில் வைத்ததும் தண்டு டப்பென்று மேலே போய் இடித்தது. அவர் தள்ளிக்கொண்டே போனார். நூற்று இருபத்திரண்டில் நின்றது.

"தராசு கெட்டுப் போயிருக்கு" என்றார் முசே.

"இல்லீங்க ஐயா. பையன் பத்துப் பவுண்டு கூட இருக்கான்."

"அம்பத்தஞ்சரைக் கிலோ சார் அவன்! வரம்புக்கு மேல அரை லிவ்ர் கூட ஏறல, நானே நிறுத்தேன்!"

அந்த அதிகாரி நல்ல மனுஷர். ஒரு காகிதத்தில் கிலோவையும் பவுண்டையும் எழுதிப் பொறுமையாக விளக்கினார். முசே காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றினார். வரிசையில் நின்ற எல்லாப் பையன்களுக்கும் முன்னால், பதினாறு வயதுப் பையனிடம், "தப்பு என்னுதுடா அருளு. என்ன மன்னிச்சுடு" என்றார். சண்டையில் குண்டடி பட்ட மனுஷர். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன், கையில் எண்ணெய்ப் புட்டியோடு.

"விடுங்க முசே" என்றான் அருள்தாஸ். "பதில் ஆள் உண்டா?" என்று அதிகாரி கேட்டதும் அவனே என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "இவன் இருக்கான் சார். எங்காளு."

புதுசாகத் துவைத்து மடித்து வைத்திருந்த தன் சிவப்பு லங்கோட்டை என்னிடம் கொடுத்தான். நான் கட்டிக்கொண்டேன். மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள், அதையும் தப்பாகக் கூப்பிட்டார்கள். மதுரைப் பையன் ஒருவன் என்னைத் தூக்கிப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணில் மண். காதில் மட்டும் அருள்தாஸின் குரல்: "எழுந்திருடா! எழுந்திருடா டேய்!"

கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பேருந்தில் ஊர் திரும்பும்போது அருள்தாஸ் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தான். "நல்ல காகிதம்டா" என்றான். பையில் கடைசி உருண்டை இரண்டு இருந்தன. ஒன்றை எனக்குக் கொடுத்து இன்னொன்றைத் தின்றான். "இனிமே எடை இன்னா, துன்னுவோம்."

முசே அதற்குப் பிறகு கோதாவுக்கு வரவில்லை. டிரில் மட்டும் எடுத்தார். எங்களையும் யாரும் அங்கே கூப்பிடவில்லை. அருள்தாஸ் படிப்பை விட்டு அதே ஆலைக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். இரண்டு வருடம் நான் வேலை கிடைக்காமல் சுற்றினேன். பிறகு, இதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அந்த இன்ஸ்பெக்டரையே போய்ப் பார்த்தேன். சிவப்புக் கெப்பி எனக்குக் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருந்ததால் ஸ்டேஷனில் எழுத்து வேலைக்குப் போட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களுடைய வாக்குமூலங்களை எழுதினேன்.

ஒரு தடவை சைக்கிள் காணாமல் போனது என்று எழுதிக் கொடுக்க அருள்தாஸ் ஸ்டேஷனுக்கு வந்தான். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது மேசையில் இருந்த என் கெப்பியை எடுத்தான். போட்டுப் பார்ப்பான் என்று நினைத்தேன். இல்லை. என் தலையில் வைத்து, கொஞ்சம் சரித்துவிட்டு, "ஒனக்குத்தான்டா சரியா நிக்குது" என்றான். அவன் கழுத்தைப் பார்த்தேன். அவன் அப்பா கழுத்து மாதிரியே ஆகியிருந்தது. இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "சைக்கிள் என்ன நிறம்?" என்று கேட்டேன்.

ஆலையை மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று. தராசைக் காயலான்காரன் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனதாகச் சொன்னார்கள். கோதா இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்துக்காரர்கள் சிமெண்டு போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். முசே போய்விட்டார். அந்தப் பவுண்டும் போய்விட்டது. நாங்கள் மெட்ராஸ் போய் வந்து ஐந்தாறு வருடத்துக்குள் நாடு முழுக்கக் கிலோ வந்துவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று அரசாங்கத்தின் மேல் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன் அருள்தாஸும் போனான். முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது அவன் சம்சாரம் பின்னாலேயே வந்து ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தது.

"கடல உருண்டண்ணே. அவருக்குப் புடிக்கும்னு பண்ணேன். மெட்ராஸ் போறதுக்கு முன்னாடி எங்கூட்டாளி ஒரு நாள் தவறாம கொண்டாந்து குடுத்தான், கூடப் பொறந்தவன்கூட அப்பிடிச் செய்யமாட்டான்னு சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. நீங்க எடுத்துக்கினு போங்க."

வாங்கிக்கொண்டேன்.