விளக்கு அணையவில்லை

கறுப்பு ரப்பர் குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, சோமனூர் பஸ்ஸிலிருந்து என் தங்கையின் கணவர் இறங்கி வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ அந்தக் குழாயைப் பார்த்ததுமே பயம் வந்தது. ஆனாலும் மாப்பிள்ளையிடம் மறுத்துப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

அதற்கு முந்தைய கோடையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பையோடு, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் இடிபட்டு ராமேஸ்வரம் போயிருந்தோம். சத்திரத்தில் படுக்கை, கையேந்தி பவனில் சாப்பாடு. ஒரு படகுக்காரர் பழைய நீச்சல் கண்ணாடியும் மூச்சுக்குழலும் கொடுத்து, கடலில் முகத்தைக் கவிழ்த்து மிதக்கச் சொன்னார். அடியில் பவளப்பாறை, வரிவரியாக மீன்கள். நான் பத்து நிமிடத்தில் படகேறிவிட்டேன். மாப்பிள்ளை பொழுது சாயும்வரை ஏறவில்லை. இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும் என்ற பித்து அன்றைக்குப் பிடித்தது. முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு முறையாக இறங்க அந்தமானுக்குப் போக வேண்டுமாம். எங்கள் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகிற காரியமா?

அவர் கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். எதைப் பார்த்தாலும் "இத நாமளே செஞ்சுபோடலாமுங்க மச்சான்" என்பது கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்களின் கூடப்பிறந்த குணம். பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரஸரைப் பழைய பெட்ரோல் இன்ஜினோடு பூட்டி, குழாய் வழியாக வாய்க்குக் காற்று வர ஏற்பாடு செய்துவிட்டார். கடலுக்குப் போகுமுன் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் சோதனை. ரயில் செலவுக்கு மிச்சம் பிடிப்பதற்காகக் குழாயைப் பாதி நீளம்தான் வாங்கியிருந்தார். மேலிருந்து அது தண்ணீருக்கு எட்டவில்லை. அதனால் இன்ஜினையே கயிறு கட்டி உள்ளே இறக்கி, கிணற்றுக்குள் முன்பு தண்ணீர் மோட்டார் இருந்த மேடையில் உட்கார்த்தினோம்.

"வெளக்கு எறக்கிப் பாத்தீங்களா?" என்று தங்கை மேலிருந்து கேட்டாள். புழங்காத கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அணைந்துபோனால் உள்ளே கெட்ட காற்று என்று அர்த்தம். இறக்கினோம். சுடர் ஆடாமல் நின்றது. "பாத்துக்க அம்மணி, வெளக்கே செரின்னு சொல்லிப்போடுச்சு" என்றார் மாப்பிள்ளை. என் பயமும் அதோடு போய்விட்டது. கிணற்றில் ஏற்கெனவே இருந்த காற்றைப் பற்றித்தான் விளக்கு சொன்னது. நாங்கள் கொண்டுபோய் வைத்த இன்ஜினின் புகையைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

"கயித்த ஒருக்கா இழுத்தா நல்லாருக்கேன்னு அர்த்தமுங்க. ரெண்டு தடவ இழுத்தா ஒடனே மேல தூக்கிப்போடோணும்" என்று சொல்லிவிட்டுக் குழாயைக் கவ்விக்கொண்டு முங்கினார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருமுறை இழுத்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒற்றை இழுப்புத்தான். புகை மேலே போகாமல் கிணற்றுக்குள்ளேயே சுற்றியது. தலை கனத்தது. உச்சி வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நினைவு வந்தபோது தங்கை என் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தாள். மோர் வேண்டுமா என்று மேலிருந்து கேட்டிருக்கிறாள். பதில் வராததால் படியிறங்கி ஓடிவந்து இன்ஜினை நிறுத்தியிருக்கிறாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து கயிற்றை இழுத்தார். மாப்பிள்ளையின் முகம் நன்றாகச் சிவந்து, அசந்து தூங்குகிறவர் போல இருந்தது. இன்ஜின் கக்கிய நச்சுப்புகையைக் கம்ப்ரஸர் உறிஞ்சி அவருக்கே அனுப்பியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார்.

உயிர் தங்கியது. மூளைதான் பழையபடி திரும்பவில்லை. இன்றைக்கு அவருக்குச் சட்டைப் பித்தானைத் தங்கைதான் போட்டுவிடுகிறாள். நான் போகும்போதெல்லாம் "ராமேஸ்வரம் எப்பங்க மச்சான்?" என்று கேட்கிறார். "அடுத்த மாசமுங்க மாப்பிள்ளை" என்கிறேன். சந்தோஷப்படுகிறார்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ரெண்டு தடவ இழுத்தாருங்களாண்ணா?"

"இல்ல கண்ணு, இழுக்கவே இல்ல" என்றேன். நான் மயங்கிக் கிடந்தேன், எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சத்தியம் செய்வதுபோலச் சொன்னேன். அவள் நம்பினாள், இன்றுவரை மறுபடி கேட்கவில்லை. இழுத்தாரா இல்லையா என்று சொல்லக்கூடியவர் மாப்பிள்ளை ஒருவர்தான். அவருக்கு அந்த நாளே ஞாபகமில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.