ஜெயக்கொடி திருப்பிக் கொடுத்த தாம்பூலம்

ஊரப்பாக்கத்தில் ஜெயக்கொடியின் வீட்டுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு கட்டிடம், டேட்டா சென்டர். ஊர் உலகத்துப் போட்டோ, வீடியோ எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கிறதாம். அவற்றுக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஏசி. ஜெயக்கொடியின் கணவர் சேட்டுவுக்கு ஈரத்துண்டு.

சேட்டு முப்பது வருடம் சுவருக்கு பெயின்ட் அடித்தவர். நுரையீரலில் பாதி அதிலேயே போயிற்று. மீதிப் பாதிக்கு அந்தக் கட்டிடம் போட்டிக்கு வந்தது. கரண்ட் போனால் ஓடுமா என்று சோதிக்க, வாரத்தில் மூன்று நாள், காலை பதினொரு மணிக்கு எட்டு ஜெனரேட்டரையும் ஓட்டுவார்கள். டீசல் புகை நேரே தெருவுக்குள் இறங்கும். சேட்டு வாயில் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அபார்ட்மென்டில் பாத்திரம் தேய்க்கும் ஜெயக்கொடி கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பாள். புகைக்குழாயை உயரமாக்கினால் அவர் மூச்சு தப்பும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

விஷ்ணுப்ரியா என்கிற கல்லூரிப் பெண், ஒரு டவுனுக்கான கரண்டை அந்தக் கட்டிடம் தனியாகக் குடிக்கிறது என்று வீடு வீடாகச் சொல்லி, கேட் முன்னால் நாற்பது பேரை உட்காரவைத்தாள். மறு வாரமே கம்பெனி தெருவையே கல்யாண மண்டபத்துக்கு அழைத்தது. அதிகாரி ராஜகோபால் திரையில் காற்றாலை காட்டினார். சில வருடத்தில் எல்லாமே சூரிய சக்தி என்றார். புகைக்குழாயைப் பற்றி ஜெயக்கொடி கேட்டதும், "நல்ல கேள்விம்மா" என்று எழுதிக்கொண்டார். பிறகு சாப்பாடு. போகும்போது ஆளுக்கொரு மஞ்சள் பை: வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு வேப்பங்கன்று.

அங்கேதான் தெரு மாட்டிக்கொண்டது. கலெக்டர் மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டு விஷ்ணுப்ரியா வந்தபோது, பக்கத்து வீட்டு சரசு கையை இழுத்துக்கொண்டாள்.

"தாம்பூலம் வாங்கிகினோமே பாப்பா. வாங்கினா வாக்கு குட்த்த மாதிரி. இப்போ எதுத்துகினு நின்னா நல்லாவா கீது?"

"அக்கா, அது சும்மா கிஃப்ட் பேக்!"

"உனுக்கு நிச்சயம் ஆவட்டும், அப்போ தெரியும்."

தெருவே தலையாட்டியது. கம்பெனிக்கே தெரியாமல் அதற்கு ஓர் ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. ஜெயக்கொடியும் பேனாவைத் தொடவில்லை.

அடுத்த சோதனை நாளில் சேட்டுவின் உதடு நீலமாகிப்போனது.

மறுநாள் அவள் தாம்பூலத்தைத் திருப்பக் கிளம்பினாள். சம்பந்தம் முறிந்தால் அதுதானே முறை. சிக்கல் என்னவென்றால், தேங்காய் என்றைக்கோ சட்னியாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கினாள், பழையதைவிடப் பெரிதாக.

"இன்னாக்கா, டெலிவரியா?" என்றான் கேட் செக்யூரிட்டி.

"இல்லப்பா, ரிட்டனு."

ராஜகோபால் இறங்கி வந்தார். "அம்மா, அது மரியாதைக்குக் கொடுத்தது."

"எட்த்துக்கோ சார். எங்க வாக்கு எங்களாண்டயே இருக்கட்டும்."

சேட்டுவின் உதட்டைப் பற்றிச் சொன்னாள். ராஜகோபாலின் முகம் நிஜமாகவே வாடியது. குரலைத் தாழ்த்தினார். "காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் ஒண்ணு நாளைக்கே அனுப்பறேன். வெளியில சொல்ல வேண்டாம்."

ஜெயக்கொடியின் தலை 'சரி' என்று ஆடப் பார்த்தது.

"தெருவுக்கேவா சார்?"

"உங்களுக்கு மட்டும்மா."

பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டாள். அப்புறம், திருடியதை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி, வேண்டாமென்று விட்டுவந்த மெஷினைப் பற்றிச் சேட்டுவிடம் சொன்னாள்.

அவர் வாயிலிருந்து துண்டை எடுத்தார்.

"அது இன்னாத்துல ஓடும்?"

"கரண்ட்லதான்."

"கரண்டு நிக்காம கீறது அவுங்க வூட்லதானே? அங்கயே ஓடட்டும் வுடு."

சிரித்தார். சிரிப்பு இருமலானது. அது அடங்க வெகுநேரம் பிடித்தது. அதுவரை அவள் கை அவர் முதுகை விட்டு நகரவில்லை. தெருவில் இன்னும் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டு மனு போயிருக்கிறது. புகைக்குழாய் இன்றுவரை அதே உயரம்தான்.