என் அட்டையை மட்டும் தேய்த்துப் பார்த்தார்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், கேட்டில் நோட்டில் கையெழுத்து வாங்குவதை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். ஆளுக்கொரு அட்டை. தேய்த்தால் பேரும் நேரமும் பதியும்.

அதற்குப் புரோகிராம் எழுதிய சார், முதலாளிக்கு வேகத்தைக் காட்ட வந்தார். கேட்டருகே நின்ற என்னிடம் அட்டையை வாங்கித் தேய்த்தார். பேர் வருவதற்குள் நான் ஆறு வரை எண்ணிவிட்டேன்.

"மொதல் தடவை கணக்கில்ல சார், இப்பதான் பேரைத் தேடி எடுக்குது; ஒருவாட்டி எடுத்துட்டா அப்புறம் ஞாபகம் வெச்சுக்கும்" என்றார்.

பிறகு அதே அட்டையைப் பத்து தடவை தேய்த்தார். சட்டுச்சட்டென்று வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆளுக்கு ஒரு செகண்டு" என்றார். முதலாளி தலையாட்டினார்.

நான் அஞ்சாங்கிளாஸ்தான். ஆனாலும், காலையில் எவள் பத்து தடவை உள்ளே நுழைகிறாள்? எல்லோருக்கும் அது முதல் தடவைதானே! சொல்ல நாக்கு வரை வந்தது. கூச்சத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாயை இன்றைக்கும் அறையலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை வரிசை ரோடு வரை நின்றது. எட்டு மணிக்கு வந்தவளுக்கும் எட்டே முக்கால் என்று பதிந்தது. மூன்று லேட் விழுந்தால் வேலை கிடையாது.

கிட்டத்தில் குடியிருந்தவர்கள் மறுநாளே ஏழு மணிக்கு வந்து இடம்பிடித்தார்கள். மூன்றாம் நாள், அப்படி முந்த முடியாமல் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் என் சிநேகிதியை, மூன்றாவது லேட், இனி வேலை இல்லை என்று வாட்ச்மேன் மறித்தான்.

"இன்னாய்யா, எட்டு மணிலேர்ந்து உன் மூஞ்சியப் பாத்துகினு நிக்கிறேன், லேட்டுன்றே?"

"நான் இன்னாம்மா பண்றது? கம்ப்யூட்டர் சொல்லுது."

"அப்போ அதையே உக்காந்து சட்டைக்குக் காஜா எடுக்கச் சொல்லு!"

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. புருஷன் இல்லாதவள், அந்த வேலையில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஆபீஸ் ரூமுக்குள் போனேன். புரோகிராம் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், என் அட்டைய மட்டும் தேய்ச்சாப் போதுமா? வரிசைல கீற அத்தினி பேருதும் ஆளுக்கு ஒரு தபா தேய்ச்சுப் பாரு. நீ கணக்கில்லைன்னியே, அந்த மொதல் தபாவத்தான் எண்ணணும்!"

அவர் கடிகாரத்தோடு கேட்டுக்கு வந்து நின்றார். பத்துப் பேர் நுழைவதற்குள் முகம் செத்துவிட்டது. "ஆமாம்மா, தப்பாப் பாத்துட்டேன்" என்றார்.

அடுத்த வாரமே கம்ப்யூட்டரைச் சரிசெய்தார்கள். சிநேகிதியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். "பதிஞ்சது பதிஞ்சதுதாம்மா" என்றார், தலை நிமிராமல். வேகத்தைத் தப்பாக அளந்தோம் என்று ஒத்துக்கொண்டவர்கள்தான். அந்தத் தப்பு அவள் பேரில் போட்ட மூன்று லேட்டை மட்டும் அழிக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை.