நான் சேர்த்த ‘அத்துமீறி’

மனு எழுதிக் கொடுப்பவனின் மூலதனம் ஒரு பேனா, ஒரு கட்டு வெள்ளைத்தாள், ‘அத்துமீறி’ என்ற ஒரு சொல். செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ் எதிரில் இருபத்தாறு வருஷமாக இவற்றோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்து அலுத்த உங்களுக்கும் அந்தச் சொல் பழகியிருக்கும்.

அப்படி எழுதிய ஒரு மனுவை எட்டு வருஷமாக நான் நம்பவில்லை. திருவிடந்தை தனபால் சொல்ல, நான் எழுதியது. பக்கத்து வீட்டு முருகேசன் அவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்து மிரட்டினான் என்பது விஷயம். அதன் பேரில் வழக்கு வந்தது. வழக்கு இருப்பதால், அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் முருகேசனுக்குக் கிடைக்கவிருந்த வேன் டிரைவர் வேலை போனது. வழக்கு இன்னும் முடியவில்லை.

தனபால் சொன்னது

தனபால் அன்று சொன்னது இவ்வளவுதான்: “கால்வா தண்ணி தகராறு சார். வூட்டுக்குள்ள வந்தான், சத்தம் போட்டான்.” எப்படி வந்தான் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வரிசையில் யாருமே கேட்பதில்லை. ‘நுழைந்து’ என்று எழுதினால் அதற்கு முன்னால் ‘அத்துமீறி’யைப் போட்டுவிடுவோம். அது கை வழக்கம்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். தனபால் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: “கேக்கசொல்ல எனக்கே கோவம் வருது சார். அப்டியே இருக்கட்டும்.”

ஆடு

அத்து என்றால் எல்லை. வேலியைத் தாண்டினால் அத்துமீறல். வாய் தாண்டினால் வரம்பு மீறல் என்பார்கள். நான் இப்படிப் பிரித்து வைத்திருந்ததைக் கோவளத்து அம்மா ஒருவர் குழப்பினார். பக்கத்து வீட்டு ஆடு அவருடைய கனகாம்பரச் செடிகளைத் தின்றுவிட்டது. ‘அத்துமீறி’ என்று போடச் சொன்னார்.

“ஆட்டுக்கு அத்து தெரியுமாம்மா?” என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், எதிர்த்தரப்பு ஆளோ என்பதுபோல. “இன்னா சார் நீ? நான் எப்போ கடைக்குப் போவேன்னு பாத்துக்கினு இருந்து வருது. அதுக்கா தெரியாது?”

ஓவர்

அணுபுரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கீழ்வீட்டுக்காரர் ‘ஓவராகப் போகிறார்’ என்றார். விசாரித்தால், மாடிப்படிக்குக் கீழே சைக்கிளை நிறுத்துகிறாராம். அதற்கு முன் பேச்சு முற்றியதா, கை நீண்டதா என்று கேட்டேன். இல்லையாம். பார்வைதான் சரியில்லையாம்.

அத்துமீறலா, வரம்பு மீறலா, வெறும் இடையூறா, எதைப் போடட்டும் என்றேன். தனபாலுக்குப் பிறகு நான் கேட்கப் பழகியிருந்தேன். ஆனாலும் கேட்டதெல்லாம் எந்தச் சொல் பொருந்தும் என்று பார்க்கத்தான், நடந்ததைத் தெரிந்துகொள்ள இல்லை. அவர் யோசிக்கவே இல்லை. “எது ஸ்ட்ராங்கா இருக்கோ அதைப் போடுங்க சார்.”

முருகேசன்

போன மாதம் முருகேசனே என் மேஜைக்கு வந்தான். வழக்கை முடித்துத் தரும்படி ஒரு மனு வேண்டும். பழைய மனுவை எழுதியவன் நான் என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. தெரியாத மாதிரி நடிக்கிறானோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வாசல்ல நின்னு கொரல் குடுத்தேன். உள்ள வான்னாரு, போனேன். தண்ணி வுடாததுக்குச் சத்தம் போட்டேன், அது நெசம்” என்றான். அப்படியானால் தனபால் பொய் சொன்னாரா, அல்லது சொல்லாததை நான் எழுதினேனா? பேனா ஓடவில்லை. அவன் என்னை அவசரப்படுத்தினான்: “எவனோ செமயா எழுதிக் குடுத்துக்கீறான் அண்ணாத்த. அவனவிட ஸ்ட்ராங்கா எனக்கு ஒண்ணு எழுது.”

திருவிடந்தைக்குப் போனது

மறுநாள் தனபால் வீட்டுக்கே போனேன். நாற்காலி போட்டார், டீ சொன்னார். அந்த உபசாரமும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. “இன்னா சார், இவ்ளோ தூரம்? கேஸ் எதுனா திரும்பிச்சா?” என்றார்.

அவர் மறுத்தால் முருகேசன் பொய்யன். ஒப்புக்கொண்டால் அவன் வேலையைப் பறித்ததில் பாதி நான். இத்தனை வருஷத் தொழிலில், பேனாவைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டு ஒருவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்:

“தனபால், அன்னிக்கு முருகேசனை உள்ள வான்னு நீங்க கூப்ட்டீங்களா?”