முன்னறைக் கடையும் தாழ் போடாத கதவும்

முதலில் ஒரு நீளம்: பீ…ப். அப்புறம் இரண்டு குட்டை: பிப், பிப். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அதே.

மழைக்குப் போன கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. நான் சமையலறையில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் முன்னறையிலிருந்து. வாசல் கதவு சாத்தியிருந்ததே தவிர, தாழ் போடவில்லை. மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். ஆள் யாரும் இல்லை. மேஜைமேல் நான் பிரித்துப் போட்டிருந்த ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் வந்ததும் தானே விழித்துக்கொண்டு, கழற்றி வைத்த டிஸ்ப்ளே கார்டைக் கேட்டு அழுதுகொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்த பிறகும் என் நெஞ்சு அணையவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு வசந்தா அக்கா ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்துவிட்டார்: "என்னடி இது, வீட்ல ஆம்பளை இல்லேன்னு அந்தப் பொட்டி ஊருக்கே சொல்லுது?"

பழைய கம்ப்யூட்டரின் உயிரை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, எடுத்துப் புதுப் பெட்டியில் வைப்பதுதான் என் பிழைப்பு. உயிர் சரியாக உட்காராவிட்டால் திட்டு எனக்கு, உட்கார்ந்துவிட்டால் பாராட்டு பெட்டிக்கு. ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பிழைக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் கணவர் மஸ்கட் போகும்வரை திருத்துறைப்பூண்டியில் இது அவருடைய கடை. இப்போது வீட்டு முன்னறையில் என் கடை.

போகும்போது அவர் போட்டுவிட்டுப் போன சட்டம் இது: "ஆம்பளைங்க உள்ள இருக்கும்போது கதவச் சாத்தாத. வெளிய இருக்கும்போது தொறக்காத." பாதி உள்ளே, பாதி வெளியே நின்றால் என்ன செய்வது என்று பிறகு போனில் கேட்டேன். சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிட்டார். பகலிலே தாழ் போட்டால் தெரு கேட்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று. இருட்டிய பிறகு போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாடிக்கையாளர்களோ எட்டு மணிக்கும் வருவார்கள். இந்தத் தாழ்ப்பாளுக்கும் எனக்கும் உள்ள தகராறுதான் கீழே வருகிறது. நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டரும் வரும்.

தானாகவே

ஸ்டுடியோக்காரர் ஒருவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தானே அதில் மாட்டியிருந்தார். போட்டால் ஒரு நொடி விண்டோஸ் தெரியும். உடனே அணைந்து மறுபடி முதலிலிருந்து. இரண்டு கல்யாண ஆல்பம் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார். உள்ளே நுழைந்தவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். "கடைக்காரர் இல்லீங்களா?" நான்தான் என்றேன். "அதில்ல… வேலை தெரிஞ்ச பையன் யாராவது?"

'எக்ஸ்க்யூஸ் மீ' என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். கான்வென்ட்டில் படித்த தோஷம், கோபம் வந்தால் எனக்கு 'எக்ஸ்க்யூஸ் மீ'தான் வரும். விஷயம் ரொம்பச் சின்னது. டிஸ்க்கோடு பேசுவதற்குப் பழைய மதர்போர்டில் ஒரு முறை வைத்திருந்தார்கள், புதுப் போர்டில் வேறொன்று. செட்டிங்கில் போய் அதைப் பழைய முறைக்கு மாற்றினேன். விண்டோஸ் எழுந்து உட்கார்ந்தது. மணமக்கள் சிரித்தார்கள். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. "பரவால்லியே, தானாவே சரியாப் போச்சே!"

பழையபடியே

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். பெட்டிதான் புதுசாக இருக்க வேண்டும், திறந்தால் ஒரு துளி மாறியிருக்கக் கூடாது: பேரன் படம் அதே மூலையில், எழுத்து அதே பெரிசில். பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்கில் நகல் எடுத்து, எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் எழ வேண்டும் என்பதை மாற்றி, மகள் மடியில் தூங்கத் தூங்க ஒற்றைக் கையால் முடித்தேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இவ்வளவு செலவு பண்ணியும் பழைய மாதிரியேல்ல இருக்கு?"

மூட்டை வைத்தியம்

ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரையும் பார்த்துவிட்டுப் போனது. போர்டு போய்விட்டது. டிஸ்க் பிழைக்கலாம் என்று கேள்விப்பட்ட அந்த வீட்டுப் பையன், வயலும் டிராக்டருமாக இருக்கிற இருபத்தைந்து வயது ஆள், அதைக் கழற்றிப் பக்குவமாக ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தான். பையைக் கவிழ்த்தேன். டிஸ்க்கோடு தூசியும் சுணையுமாகக் கொட்டியது. இணைப்புச் செருகும் வாயில் ஒரு பதர் குத்திக்கொண்டு நின்றது.

மகளின் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துச் சுத்தம் செய்தேன். கை முழுக்க அரிப்பு. வேறொரு பெட்டியில் மாட்டியதும் முனகிக்கொண்டே எழுந்தது, புண்ணியம். ஏன்டா தம்பி இப்படி என்று கேட்டதற்கு அவன் துளியும் வெட்கப்படாமல் சொன்னான்: "நனைஞ்சா அரிசிக்குள்ள வைக்கச் சொல்லி வீடியோல சொன்னாங்கக்கா, எங்க வீட்ல வெதநெல்லுதான் இருந்துச்சு."

நீலத் திரை

இது போன வாரம். பாதி பயத்தோடும் பாதி ஆத்திரத்தோடும்தான் எழுதுகிறேன்.

நெல் வியாபாரி ஒருவர், பெரிய மனிதர். லேப்டாப்பில் போர்டு எரிந்துவிட்டது. டிஸ்க்கை அதே மாதிரி வேறொரு லேப்டாப்பில் மாட்டிப் போட்டேன். நீலத் திரை வந்து, நாற்பத்தெட்டு இலக்க எண் கேட்டது. பழைய போர்டை விட்டு வெளியே வந்தால் இந்த டிஸ்க் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். உடையவர் யார் என்று நிரூபித்தால்தான் திறக்கும். அந்த எண், லேப்டாப்பை முதன்முதலில் யார் பெயரில் திறந்தார்களோ அவர்கள் கணக்கில் இருக்கும். போனில் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: பூட்டு.

இருட்டியதும் இரண்டு ஆட்களோடு வந்தார். நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்கள் கதவின் இரண்டு பக்கமும் நின்றார்கள், பாதி உள்ளே, பாதி வெளியே. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, எம் பொருளப் பூட்டி வச்சிக்கிட்டு எங்கிட்டயே நம்பர் கேக்கிறியா? தொறக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

"முதல்ல இதை யாருங்க போட்டுக் குடுத்தது?"

"மாப்பிள்ளை."

"அப்ப அவர்கிட்ட கேளுங்க."

"அவங்கிட்ட நானா? பொங்கச் சீர்லேருந்து பேச்சு வார்த்த இல்ல. வேற வழி பாரு."

வேறு வழி இல்லை என்றேன். ஆட்களில் ஒருவன் என் மேஜையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்தான். வசந்தா அக்கா ஜன்னலைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் திறக்கிற ஜன்னல் அன்றைக்குச் சாத்தியிருந்தது. என் குரல் எனக்கே புதிதாக வந்தது. "அதைக் கீழ வைங்க. ரெண்டு பேரும் தெருவில இறங்கி நில்லுங்க. நீங்க உங்க பொண்ணுக்குப் போன் போடுங்க. இல்ல, லேப்டாப்ப எடுத்துட்டு இப்பவே கிளம்புங்க. புள்ள தூங்கணும்."

எக்ஸ்க்யூஸ் மீ வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஆட்களுக்குத் தலையசைத்தார், அவர்கள் இறங்கினார்கள். தன் மகளுக்குப் போன் போட்டார், எடுத்தது மாப்பிள்ளை. இரண்டு பக்கமும் இருமல். பிறகு அங்கிருந்து ஒவ்வோர் எண்ணாக வர, இவர் விறைப்பாகத் திருப்பிச் சொல்ல, நான் அடித்தேன். கடைசி எண்ணுக்குப் பிறகு மாப்பிள்ளை, "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. இவர் போனை வைத்துவிட்டார். லேப்டாப் திறந்தது.

நன்றி வரும் என்று எதிர்பார்த்த என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல! செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பூட்டுனதும் நீ, தொறந்ததும் நீ, இதுல என்ன பெரிய கெட்டிக்காரத்தனம்? கதவத் தாழ் போடாம அப்டியே வையி, காலைல சார்ஜர எடுக்க ஆள் வரும்."

வண்டிச் சத்தம் தேயும்வரை நின்றேன். மழைக்கு ஊதிப்போன கதவைத் தோளால் நெருக்கி, அசையாத தாழ்ப்பாளை அதே ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டித் தட்டி உள்ளே தள்ளினேன்: இடம் மாறினால் முதலில் உள்ளே பூட்டிக்கொண்டு, யார் என்று கேட்ட பிறகுதான் திறக்க வேண்டும் என்பது ஒரு டிஸ்க்குக்குத் தெரிந்திருக்கிறது, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த எனக்குத்தான் இன்றுவரை தெரியாமல் போயிற்று.